வாசிக்கத் தெரியாதவர்களின் ஊர்

அட்லாண்டாவிலிருந்து கிழக்கே 110 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஏதென்ஸ். கிரேக்கத் தலைநகரின் பெயரைத் தாங்கிய, ஜார்ஜியா மாநிலத்துக் கல்லூரி ஊர். 1785இல் சாசனம் பெற்ற பல்கலைக்கழகத்தைச் சுற்றித்தான் ஊரே வளர்ந்தது. இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் அமெரிக்கக் கால்பந்து பார்க்க அங்கே 90,000 பேருக்கு மேல் கூடுவார்கள். மற்ற நாட்களில் அது அடங்கிய ஊர். கடைவீதி முழுவதையும் ஒரு மணி நேரத்தில் நடந்து பார்த்துவிடலாம்.

இந்த ஊரில் 1977 பிப்ரவரிக்கும் 1980 ஏப்ரலுக்கும் இடையே, மூன்று ஆண்டுச் சொச்சத்தில், மூன்று ராக் பேண்டுகள் முதன்முதலாக ஆட்களின் முன்னே நின்று வாசித்தன. பி-52ஸ், பைலான், ஆர்.இ.எம். மூன்றும் வாசித்தது அரங்குகளில் அல்ல. தெரிந்தவர்கள் கூடிய இடங்களில். ஒன்றின் இசை இன்னொன்றைப் போல இருக்காது. அன்றைய நியூயார்க்கைப் போலவும் இருக்காது, லண்டனைப் போலவும் இருக்காது. பெரிய ஸ்டூடியோவோ இசைத்தட்டு நிறுவனமோ இல்லாத ஊரில், பெரும்பாலும் வாத்தியப் பயிற்சியே இல்லாத பிள்ளைகள் தங்களுக்கென்று ஒரு ஒலியை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது பல காலமாக என்னைத் துளைத்த கேள்வி. அவர்கள் இருந்த தெருக்களையும் அறைகளையும் பார்த்தால் கொஞ்சமாவது பிடிபடும் என்று நம்பித்தான் போனேன்.

அட்லாண்டாவுக்கு அருகே டுலூத்தில் இருக்கும் அண்ணன் மகன் காரை எடுத்தான். கோயம்புத்தூரில் பொறியியல் படித்தபோது கல்லூரி இசைக்குழுவில் கிடார் வாசித்தவன். வண்டி 316ஆம் நெடுஞ்சாலையில் ஏறியதும் கேட்டான்: “சித்தப்பா, பாட்டு கேக்கறதுக்கு ஃபோன் போதுமே. ஊரைப் பாத்து என்ன தெரியப்போகுது?”

“நீங்க காலேஜ்ல எப்படி வாசிச்சீங்க?” என்றேன்.

“அப்படியே ஒரிஜினல் மாதிரி. ஒரு நோட்டு மாறினாலும் ஜட்ஜ் மார்க்கைக் குறைச்சிருவாரு. சொந்தப் பாட்டு போடலாம்னு யாருக்கும் தோணலை. போட்டா யார் கேப்பா?”

அவன் கேட்டதற்குள்தான் பாதி விஷயம் இருக்கிறது. சொந்தப் பாட்டைக் கேட்க நாற்பது பேர் இருந்தால்கூடப் போதும், ஒரு குழு பிழைத்துவிடும். அந்த நாற்பது பேர் எங்கே கிடைப்பார்கள் என்பதுதான் கஷ்டம்.

சாலையோரத்தில் மரங்களையும் மின்கம்பங்களையும் சேர்த்துப் போர்த்தியபடி ஒரு கொடி படர்ந்து கிடந்தது. குட்ஸு. ஜப்பானிலிருந்து வந்தது. 1930களில் மண்ணரிப்பைத் தடுக்க அரசே நடச் சொன்னது. நம் ஊர்ச் சீமைக்கருவேலம் போல, பிறகு கட்டுக்கு அடங்காமல் போனது. ஆர்.இ.எம். குழுவின் முதல் ஆல்பமான ‘மர்மர்’ இசைத்தட்டின் முன்னட்டையில் இருப்பது இந்தக் கொடி மூடிய நிலம்தான். பாடகரின் முகமோ கிடாரோ போடாமல், தங்கள் மாநிலத்துக் களைச்செடியை அட்டையில் போட்டார்கள். அந்த ஆல்பத்தைக் கேட்கும்போது எதுவோ பாதி மூடியும் பாதி தெரிந்தும் இருப்பதாகத் தோன்றும். இந்தச் சாலையில் வந்தபோது அது ஏன் என்று புரிந்தது.

ஊருக்குள் நுழைந்ததும் பல்கலைக்கழக வாசலில் மூன்று தூண்கள் கொண்ட இரும்பு வளைவு நிற்கிறது. பட்டம் வாங்கும் முன் அதன் அடியில் நடந்து போனால் படிப்பு முடியாது என்று மாணவர்களிடையே ஒரு நம்பிக்கை. எல்லாரும் ஓரமாகப் போகிறார்கள். வளைவுக்கு எதிரே பிராட் தெருவைக் கடந்தால் காலேஜ் அவென்யூ தொடங்குகிறது. என் கதையும் இங்கேதான் தொடங்குகிறது.

பி-52ஸ் முதலில் வந்தார்கள். 1976 அக்டோபரில் ஒரு சீன உணவகத்தில் ஐந்து நண்பர்கள் ஒரே கோப்பை மதுவில் ஆளுக்கொரு குழலைப் போட்டுக் குடித்தார்கள். பிறகு ஒரு நண்பர் வீட்டுக்குப் போய்ச் சும்மா பாடிப் பார்த்தார்கள். 1977 பிப்ரவரி 14 அன்று, காதலர் தின விருந்து ஒன்றில், ஊர் நண்பர்கள் முன் வாசித்தார்கள். அவர்களில் ரிக்கி வில்சன் கிடாரின் நடுத்தந்திகளைக் கழற்றிவிட்டு, மிச்சத் தந்திகளுக்குத் தானாக ஒரு சுருதி அமைத்து வாசித்தார். கீழ்த்தந்தியில் கனத்த தாளமும் மேல்தந்தியில் கூர்மையான மெட்டும் ஒரே கையில் வந்தன. நடுவே வெற்றிடம். இரண்டு பெண் குரல்களும் ஓர் ஆணின் அதட்டல் குரலும் அந்த இடத்துக்குள் புகுந்துகொண்டன. குழுவில் பேஸ் கிடார் வாசிக்க ஆளே இல்லை, தேவையும் படவில்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே நியூயார்க்கின் மேக்ஸஸ் கான்ஸஸ் சிட்டியில் வாசித்துவிட்டார்கள். பிறகு அங்கேயே குடியேறவும் செய்தார்கள்.

அவர்கள் போனபின் ஊருக்கு விருந்து இல்லாமல் போனது. அந்த இடத்தை நிரப்பியது பைலான். இந்தப் பயணத்தில் என் மனம் அதிகம் தங்கியது இவர்களிடம்தான். ராண்டி ப்யூலியும் மைக்கேல் லகௌஸ்கியும் ஓவியத்துறை மாணவர்கள், ஒரே அறையில் குடியிருந்தவர்கள். இருவருக்கும் வாத்தியம் தெரியாது. பழைய கிடாரும் பேஸ் கிடாரும் வாங்கி, கடைவீதியில் ஒரு கட்டடத்தின் மாடியில் வைத்து, தெரிந்த ஒரு துணுக்கையே மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். அதே கட்டடத்தில் மேலே இருந்தவர் கர்டிஸ் க்ரோ. அவர்தான் இவர்களுக்கு அந்த இடத்தை வாடகைக்கு விட்டவர். நாள் தவறாமல் தரை வழியாக அந்தத் துணுக்குகள் அவர் காதுக்கு வந்தன. ஒருநாள் இறங்கி வந்து கதவைத் தட்டினார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, தான் டிரம்ஸ் வாசிக்கட்டுமா என்று கேட்டார். பிறகு 1979 பிப்ரவரியில் பாட ஆள் தேடி, அவர்களோடு ஓவியம் படித்த வனெஸ்ஸா பிரிஸ்கோவை அழைத்தார்கள். மார்ச்சில் முதல் நிகழ்ச்சி.

அவர்கள் இசையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பேஸ் கிடார் நாலைந்து ஸ்வரங்களை விடாமல் இடிக்கும். டிரம்ஸ் அதன் மேல் நேராக ஓடும். கிடார் சொந்தச் சுருதியில் மணி அடிப்பது போலச் சில தட்டுகளை மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கும். வனெஸ்ஸா சில இடத்தில் பேசுவார், சில இடத்தில் உறுமுவார், சட்டென்று கத்துவார். லகௌஸ்கியும் வனெஸ்ஸாவும் ஊரிலிருந்த டூபாண்ட் இழை ஆலையில் வேலை பார்த்தவர்கள். எந்திரத்தின் அருகே கவனமாக நில், கையை உள்ளே விடாதே என்கிற மாதிரியான ஆலைப் பாதுகாப்பு அறிவுரைகளின் நடையே அவர்கள் பாட்டில் வந்தது. காதல் முறிவைப் பற்றிப் பாட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பகல் முழுக்க நின்று வேலை செய்த உடம்பின் தாளத்தை அப்படியே ஆட்டமாக்கியவர்கள் இவர்கள். அவர்களின் குறிக்கோளும் வித்தியாசமானது: நியூயார்க்கில் ஒரு முறை வாசிக்க வேண்டும், அங்குள்ள ஓர் இசைப் பத்திரிகை தங்களைப் பற்றி எழுத வேண்டும், பிறகு கலைந்துவிட வேண்டும். பி-52ஸ் சொன்ன நல்ல வார்த்தையால் அந்த ஆண்டே நியூயார்க் போனார்கள், கேங் ஆஃப் ஃபோர் குழுவுக்கு முன் வாசித்தார்கள், பத்திரிகையும் எழுதியது. ஆனால் உடனே கலையவில்லை. 1983இல் யூ2 குழுவின் நிகழ்ச்சிகளுக்கு முன் வாசித்துப் பார்த்தார்கள். அந்தப் பாதையில் போனால் எங்கே போய்ச் சேர்வோம் என்று தெரிந்தது, அங்கே போக விருப்பமில்லை. அந்த ஆண்டு இறுதியில் நிறுத்திவிட்டார்கள். வனெஸ்ஸா பிற்பாடு செவிலியராக நெடுங்காலம் பணி செய்தார். 1987இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை ஆர்.இ.எம். குழுவை நாட்டின் மிகச் சிறந்த ராக் பேண்ட் என்று அட்டையில் போட்டபோது, அவர்களின் டிரம்ஸ் கலைஞர் பில் பெர்ரி அந்தப் பெயர் பைலானுக்கே உரியது என்றார். பைலானின் பாட்டு ஒன்றைத் தாங்களே வாசித்துப் பதிவும் செய்தார்கள்.

கர்டிஸ் க்ரோ 1978 ஹாலோவீன் இரவில் தன் மாடியில் ஒரு விருந்து வைத்தார். அந்த அறைக்கு இருந்த ஒரே வெளிச்சம் கூரையிலிருந்து தொங்கிய 40 வாட் பல்பு. அதுவே 40 வாட் கிளப் என்று பெயராகி, 1980இல் காலேஜ் அவென்யூவில் சிறிய கிளப்பாகத் திறந்தது. பிறகு பல தடவை இடம் மாறி, இப்போது மேற்கு வாஷிங்டன் தெருவில் இருக்கிறது. பகலில் போனதால் பூட்டிய கதவையும் சுவரொட்டிகளையும்தான் பார்த்தோம். அந்த வாரத்துக்கான ஒட்டுகளில் எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றுகூட இல்லை. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பழைய பெயர்களை வைத்து மட்டும் பிழைக்கும் கிளப்பாக அது ஆகிவிடவில்லை.

கிளேட்டன் தெருவும் காலேஜ் அவென்யூவும் சந்திக்கும் முனையில் வக்ஸ்ட்ரி ரெக்கார்ட்ஸ். 1970களிலிருந்து அந்த ஊரில் இருக்கும் பழைய இசைத்தட்டுக் கடை. உள்ளே நுழைந்ததும் பழைய அட்டைகளின் மக்கிய வாசனை. சுவரும் கூரையும் தெரியாமல் சுவரொட்டிகள். பெட்டி பெட்டியாக நிறுத்தி வைத்த தட்டுகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். அட்டையின் மூலையில் பென்சிலால் விலை. 1979இல் இந்தக் கல்லாவில் நின்ற இளைஞர் பீட்டர் பக். பக் தனக்கென்று ஒளித்து வைக்கும் தட்டுகளையே தேடிப் பிடித்து வாங்கிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் மைக்கேல் ஸ்டைப், ஓவியத்துறை மாணவர். இருவருக்கும் பேட்டி ஸ்மித் பிடிக்கும், வெல்வெட் அண்டர்கிரவுண்ட் பிடிக்கும். பேச்சு வளர்ந்து, சேர்ந்து பாட்டு எழுதலாம் என்றானது.

நான் ஓர் ஓரமாக நின்று தட்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். எனக்குத் தோன்றியது இதுதான்: பக் அப்போது கிடாரில் தேர்ந்தவர் அல்ல, ஆனால் அந்தக் கடையில் இருந்த எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கேட்டுத் தேர்ந்த காதுக்கும் வராத விரலுக்கும் இடையே இருந்த தூரத்தில்தான் அவருடைய பாணி உருவானது. பெரிய கிடார் கலைஞர்களின் நீண்ட தனி வாசிப்பு தனக்கு வராது என்று அவருக்குத் தெரியும். அதில் ஆசையும் இல்லை.

ஆர்.இ.எம். குழுவின் மற்ற இருவர் மேக்கன் என்ற ஊர்க்காரர்கள். மைக் மில்ஸும் பில் பெர்ரியும் பள்ளியில் ஒருவரை ஒருவர் பிடிக்காதவர்கள். மில்ஸ் ஒழுங்கான படிப்பாளி, பெர்ரி முரடு. ஒருநாள் யாரோ அழைத்த ஒத்திகைக்கு பெர்ரி டிரம்ஸோடு போனால், பேஸ் கிடாரோடு நின்றவர் மில்ஸ். வேறு வழியில்லாமல் சேர்ந்து வாசித்தார்கள். அன்றிலிருந்து பிரியாத நட்பு. பள்ளி முடிந்து பெர்ரி மேக்கனில் நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனம் ஒன்றில் எடுபிடி வேலை பார்த்தார். அங்கே வேலை செய்தவர் இயன் கோப்லண்ட். லண்டனின் புதிய பங்க் தட்டுகளைப் பெர்ரிக்கு அறிமுகப்படுத்தியவர். இயனின் அண்ணன் மைல்ஸ் ஐ.ஆர்.எஸ். இசைத்தட்டு நிறுவனத்தின் முதலாளி. ஆர்.இ.எம். 1982இல் ஒப்பந்தம் போட்டது அந்த நிறுவனத்தோடுதான். எடுபிடி வேலை பார்த்த நாட்களின் பழக்கம் பின்னால் ஒரு கதவைத் திறந்தது.

ஆக, நால்வரும் ஏதென்ஸில் ஒன்று சேர்ந்தபோது, இரண்டு பேர் வாத்தியம் அறிந்தவர்கள், ஒருவர் கற்றுக்கொண்டிருப்பவர், ஒருவர் பாட மட்டும் செய்பவர். கடையிலிருந்து வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து, அண்ணன் மகனின் ஃபோனில் ‘மர்மர்’ போட்டு ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டோம். முதல் பாட்டு முடிந்ததும் நிறுத்தினான்.

“இவர் கார்டை முழுசா அடிக்கவே மாட்டேங்கறாரு சித்தப்பா. பிரிச்சுப் பிரிச்சு வாசிக்கறாரு.” இடது கையில் இல்லாத கிடாரின் கழுத்தைப் பிடித்துக் காட்டினான். கார்டின் வடிவத்தில் விரல்கள் அப்படியே நிற்கின்றன. வலது கை ஆறு தந்தியையும் ஒரே வீச்சில் அடிக்காமல், ஒவ்வொரு தந்தியாகத் தொட்டுப் போகிறது. சில தந்திகளை விரல் படாமல் திறந்தே ஒலிக்க விடுகிறது. “கார்டு மாறினாலும் அந்தத் திறந்த தந்தி மட்டும் தொடர்ந்து ஒலிச்சுக்கிட்டே இருக்கு. அதான் ஒரு மினுமினுப்பு. வாசிக்கறதுக்குக் கஷ்டமில்லை. ஆனா இப்படி வாசிச்சா பாட்டைத் தாங்கறது யாரு?”

தாங்குவது மில்ஸ். கிடார் அகலமாகச் சுவர் எழுப்பாததால், பேஸ் கிடாருக்கு மேலே ஏற இடம் கிடைத்தது. அடியில் அஸ்திவாரம் போடுவதோடு நிற்காமல் மெட்டையே எடுத்துக்கொண்டு நடக்கிறது. பியானோ தெரிந்தவரின் வாசிப்பு அது. பெர்ரியின் டிரம்ஸ் வீண் அலங்காரம் இல்லாமல் பாட்டின் வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது. இவற்றுக்கு நடுவில் ஸ்டைப்பின் குரல். சொற்கள் தெளிவாக விழாது. வேண்டுமென்றே மற்ற வாத்தியங்களின் மட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். பின்னால் மில்ஸும் பெர்ரியும் வேறு சொற்களை வேறு மெட்டில் பாடுவார்கள். மூன்று குரல்கள் ஒன்றை ஒன்று கடந்து போகும்போது, எதைக் கேட்பது என்று காது அலைகிறது. என்ன சொல்கிறார் என்று தெரியாமலேயே ஒருவரின் துயரம் நமக்குள் இறங்குவது எனக்கு அந்த ஆல்பத்தில்தான் முதலில் நேர்ந்தது.

இந்த ஒலி ஒரே நாளில் வந்ததல்ல. தொடக்கத்தில் அவர்கள் வேகமாக வாசிக்கும் விருந்துக் குழு. பாதி அடுத்தவர் பாட்டுகள், பாதி சொந்தம். பழைய வேனில் தென் மாநிலங்கள் முழுக்கச் சுற்றி, பீட்சா கடையிலும் மதுக்கடையிலும் வாசித்தார்கள். சொந்தப் பாட்டுகள் எழுத எழுத, பழையவற்றில் மட்டமானதைக் கழித்தார்கள். 1981இல் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்துக்குப் போனார்கள். அங்கே மிட்ச் ஈஸ்டர் தன் பெற்றோர் வீட்டுக் கார் ஷெட்டையே ஸ்டூடியோவாக்கி வைத்திருந்தார். முதல் தட்டு அந்த ஷெட்டில் பதிவானது.

அடுத்து நடந்ததுதான் என் மனதில் அழுத்தமாக நிற்பது. முதல் முழு ஆல்பத்துக்கு முன், நிறுவனத்தின் விருப்பப்படி அனுபவமுள்ள ஒரு தயாரிப்பாளரோடு பாஸ்டனில் ஒரு பாட்டைச் சோதனையாகப் பதிவு செய்தார்கள். அவர் தாளம் பிசகக் கூடாது என்று இயந்திரத் துடிப்போடு சேர்ந்து வாசிக்கச் சொன்னார், திரும்பத் திரும்ப எடுத்தார். பிறகு சிந்தசைசர் ஒலிகளைச் சேர்த்தார். அன்றைய வானொலிக்கு அது சரியான சரக்குதான். ஆனால் அதில் தங்களைக் காணோம் என்று நால்வரும் உணர்ந்தார்கள். கையில் காசில்லாத, ஓர் ஆல்பம்கூட வராத இருபத்து சொச்ச வயதுப் பிள்ளைகள், நிறுவனத்திடம் போய் இது வேண்டாம் என்றார்கள். மிட்ச் ஈஸ்டரும், அவரோடு சேர்ந்து தயாரிக்க டான் டிக்ஸனும் போதும் என்றார்கள்.

1983 தொடக்கத்தில் சார்லட் நகரத்து ரிஃப்ளெக்ஷன் ஸ்டூடியோவில் ‘மர்மர்’ பதிவானது. நீண்ட கிடார் தனி வாசிப்பு கூடாது, நாகரிகமான சிந்தசைசர் கூடாது என்று முன்பே முடிவு. ஸ்டைப் யார் கண்ணிலும் படாமல் படிக்கட்டின் அடியில் இருட்டில் நின்று பாடினார். பெர்ரி கீழே பில்லியர்ட்ஸ் ஆடியபோது பந்துகள் மோதிய சத்தத்தைப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து ஒரு பாட்டில் தூரத்து இடியாக வைத்தார்கள். அடுத்த ஆல்பத்தின்போது ஸ்டைப்புக்குக் குரல் எழும்பாமல் போக, டிக்ஸன் அங்கே கிடந்த ஒரு கிறிஸ்தவப் பக்திப் பாடல் தட்டின் அட்டையை நீட்டினார். அட்டையின் பின்புறம் அச்சிட்டிருந்த வாசகங்களை ஸ்டைப் அப்படியே தங்கள் மெட்டில் பாடினார். கேட்டால் அதுவும் ஆர்.இ.எம். பாட்டாகத்தான் இருக்கிறது. ரோலிங் ஸ்டோன் விமர்சகர்கள் 1983இன் சிறந்த ஆல்பமாக, மைக்கேல் ஜாக்ஸனின் ‘த்ரில்லர்’ போட்டியில் இருந்த ஆண்டில், ‘மர்மரை’த் தேர்ந்தெடுத்தார்கள்.

மதியத்துக்குமேல் கடைவீதியை விட்டுக் கிழக்கே சரிவில் இறங்கினோம். ஒகோனி ஆற்றின் வடகிளை அங்கே ஓடுகிறது. டட்லி பூங்காவில் ‘மர்மரின்’ பின்னட்டையில் வந்த ரயில் மரப்பாலம் இருந்தது. பழைய மரச்சட்டங்கள் இற்றுப்போனதால், ஊர் நிர்வாகம் அதை நடைபாதைப் பாலமாகத் திரும்பக் கட்டியிருக்கிறது. தள்ளுவண்டியில் குழந்தையைத் தள்ளியபடி ஒருவர் எங்களைக் கடந்து போனார்.

பாலத்தின் மேல் நடக்கும்போது அவன் பணத்தைப் பற்றிக் கேட்டான். “எங்க குழு உடைஞ்சதே அதனாலதான். ஒரு கல்யாண ரிசப்ஷன்ல வந்த காசு.”

ஆர்.இ.எம். தொடங்கும்போதே ஒரு ஏற்பாடு செய்துகொண்டது. யார் மெட்டுப் போட்டாலும், யார் சொல் எழுதினாலும், ஒவ்வொரு பாட்டின் கீழும் பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப் என்று அகரவரிசையில் நான்கு பெயரும் இருக்கும். வருமானமும் சமபங்கு. எந்த முடிவானாலும் ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம். ராக் குழுக்கள் பெரும்பாலும் உடைவது பாட்டு யாருடையது என்கிற வழக்கில். பாடகரும் மெட்டுப் போடுபவரும் பணக்காரர்களாகி, பேஸ் வாசிப்பவர் பஸ்ஸில் வீடு திரும்பும் கதைகள் எத்தனையோ. இந்த நால்வரின் ஒலிக்கும் இந்த ஏற்பாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பேஸ் கிடார் மெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் கிடார்காரருக்கு நட்டமில்லை. பாடகரின் குரலை வாத்தியங்களுக்கு நடுவே அமிழ்த்தினாலும் பாடகருக்குக் கோபமில்லை. யாரும் தன் பங்கைச் சத்தமாகக் காட்ட வேண்டியதில்லை. 1995இல் சுவிட்சர்லாந்தில் மேடையிலேயே பில் பெர்ரிக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. பிழைத்துத் திரும்ப வாசித்தார். 1997இல் விலக விரும்பியபோது, தான் போனால் குழு கலையும் என்றால் போக மாட்டேன் என்றார். மற்ற மூவரும் தொடர்வதாகச் சொன்னதும்தான் கிளம்பினார். ஏதென்ஸுக்கு அருகே நிலம் வைத்துப் புல் வளர்த்தார். மூவரும் 2011 வரை நடத்தி, சண்டை சச்சரவில்லாமல் முடித்துக்கொண்டார்கள்.

ஒகோனி தெருவுக்குத் திரும்பினால், அடுக்கு வீடுகளுக்கு அருகே ஒரு செங்கல் தேவாலயக் கோபுரம் தனியாக நிற்கிறது. 1869இல் கட்டிய புனித மேரி தேவாலயத்தில் மிஞ்சியது அவ்வளவுதான். மற்றதை 1990இல் இடித்துவிட்டார்கள். வழிபாடு நெடுங்காலம் முன்பே நின்றுபோயிருந்தது. முன்பகுதியை மட்டும் குடியிருப்பாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். பக்கும் ஸ்டைப்பும் அங்கே குடியேறினார்கள். ஓர் அலமாரியின் பின்பக்கத்து ஓட்டை வழியாகத் தவழ்ந்தால், பின்னால் மேடையோடு பாழடைந்த வழிபாட்டுக் கூடம். அங்கேதான் நால்வரும் ஒத்திகை பார்த்தார்கள். 1980 ஏப்ரல் 5 அன்று ஒரு தோழியின் பிறந்தநாள் விருந்துக்காக அந்தக் கூடத்தில் சில நூறு பேர் முன் வாசித்தார்கள். அன்று குழுவுக்கு நிலையான பெயர்கூட இல்லை. அதே இரவில் வேறு ஊர்க்குழுக்களும் வாசித்தன. மலிவான வாடகை, சத்தத்துக்கு முகம் சுளிக்காத சுவர், பைலானுக்கு ஆடிப் பழகி இன்னொரு குழுவுக்கும் ஆடத் தயாராக இருந்த கூட்டம்: என் கேள்விக்கு விடை பெரும்பாலும் இந்தச் சில சதுர அடியில் இருந்தது. கோபுரத்தின் செங்கலைக் கையால் தொட்டுப் பார்த்தேன்.

பக்கத்திலேயே நூச்சீஸ் ஸ்பேஸ். மன அழுத்த நோயால் உயிரை மாய்த்துக்கொண்ட ஓர் இளம் இசைக்கலைஞரின் தாய், மகன் நினைவாக 2000இல் தொடங்கிய தொண்டு அமைப்பு. ஊரின் இசைக்கலைஞர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் மனநல ஆலோசனை கிடைக்க வழிசெய்கிறது, ஒத்திகை அறைகளை மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறது. கோடையில் பதின்பருவப் பிள்ளைகளைச் சேர்த்து பேண்டுகளாக வாசிக்கவும் கற்றுத் தருகிறது. அந்தக் கோபுரம் விழாமல் சீர்செய்து நிறுத்தியதிலும் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆலோசனை தேடி வருபவரும் கிடாரோடு வருபவரும் நுழைவது ஒரே வாசலில் என்பதால், உதவி கேட்க வந்தவர் யாருடைய கண்ணிலும் தனித்துத் தெரியமாட்டார். எந்தப் பெரிய நகரத்திலும் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. சென்னையில் இதுபோல் ஒன்று இருந்தால் எத்தனை பிள்ளைகளுக்கு உதவும் என்று மனம் அடித்துக்கொண்டது.

நாங்கள் வாசலில் நின்றபோது நான்கு பிள்ளைகள் ஒத்திகை அறையிலிருந்து மூச்சு வாங்க வெளியே வந்தார்கள். பதினெட்டு வயதுக்கு மேல் யாருக்கும் இருக்காது. ஒரு பாட்டின் நடுப்பகுதி இரண்டு முறை வர வேண்டுமா, ஒரு முறை போதுமா என்று தகராறு. டிரம்ஸ் குச்சிகளைக் கையில் வைத்திருந்த பெண், ஒரு முறைதான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பேஸ் வாசிக்கும் பையன் வாயாலேயே அந்தப் பகுதியைப் பாடிக் காட்டி, இரண்டாம் முறை மெட்டு கொஞ்சம் மாறுகிறது, அதை விடக் கூடாது என்றான். பாடுபவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கிடார்காரன் மணியைப் பார்த்து, அறைக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றான். நால்வரும் வாதத்தை விடாமலேயே உள்ளே போனார்கள்.

“அந்த பேஸ் பையன் சொல்றதுதான் சரி சித்தப்பா,” என்றான் இவன். “ரெண்டாவது தடவை அந்த மாத்தம் வரணும்.”

“இல்லடா, அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி. ஒரு தடவையோட வெட்டினாத்தான் அடி விழும்.”

“நீங்க அவன் பாடினதைச் சரியாக் கேக்கலை,” என்று சொல்லிவிட்டு, காருக்குப் போகும் வழியெல்லாம் அந்த மெட்டை இரண்டு விதமாகவும் எனக்குப் பாடிக் காட்டிக்கொண்டே வந்தான்.